துவக்குக்கு விட்ட எண்ணெய்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹூஸ்டனில் இது ஜனவரி மாதம் என்று யாராவது சொன்னால் சிரித்திருப்பார்கள். அப்படியொரு புழுக்கம். மழை வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிவிட்டு வராமல் நின்றது. பத்மராணி சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து, பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கோப்பையில் கருவாடு ஊறியது. அப்போதுதான் அவள் புருஷன் பஞ்சலிங்கம் படுக்கை விரிப்பில் சுற்றிய துவக்கோடு உள்ளே வந்தார். வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்தார்.

துவக்கு என்றால் வேட்டைக்காரர் தூக்கித் திரிகிற நீளத் துவக்கு அல்ல. கைத்துப்பாக்கிக்குப் போடுகிற சின்னத் தோட்டாவையே போட்டுச் சுடுகிற கட்டைத் துவக்கு. கார்பைன் என்பார்கள். தான் வேலை செய்கிற கடையின் கவுன்டருக்குக் கீழே வைக்க அளவானது என்று போன கோடையில் பஞ்சலிங்கம் வாங்கினார். வாங்கிக்கொண்டுபோய்க் காட்டினால், கடைச் சொந்தக்காரர் அரியரட்ணம் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, இந்தச் சனியனுக்குப் பயந்துதானே யாழ்ப்பாணத்தை விட்டு வந்தனாங்கள். கடைக்குள்ள கொண்டுவராதை" என்றார். அதனால் அது பஞ்சலிங்கத்தின் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

நவம்பரில் ஒருவன் கடையின் பின்கதவால் வந்தான். கல்லாப்பெட்டி லாச்சியைப் பின்னால் கொண்டுபோய்க் காசு எண்ணிக்கொண்டிருந்த அரியரட்ணம் சோடாப் பெட்டிகளுக்கு நடுவில் வெடிபட்டு விழுந்து கிடந்தார். முன்னால் சிகரெட் அடுக்கிக்கொண்டிருந்த பஞ்சலிங்கம் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். சொல்வதற்குள் உயிர் போய்விட்டது. அவருடைய மனைவி ஞானமணி கடையை இவர் தலையில் கட்டிவிட்டு மகனோடு நியூஜெர்சிக்கு, மான்மவுத் ஜங்ஷனுக்குப் போய்விட்டாள். சுட்டவன் பிடிபடவில்லை. இப்போது கடைக்கு போன் வருகிறது. எடுத்தால், திரும்பி வருவேன் என்று ஒரு குரல் சிரிக்கிறது. அது அவன்தானா, வேலையற்ற வேறு யாராவதா, யாருக்குத் தெரியும்?

"பத்மா, இஞ்ச வந்து பாரும். இது என்ன கண்றாவி?"

பத்மராணி மாக்கையோடு போய்ப் பார்த்தாள். துவக்கின் உள்பாகங்கள் பேப்பரில் கிடந்தன.

"கேட்டி ஊர்ப் பக்கம் வெட்டின நெல்வயலுக்கை நிண்டு சுட்டனான். ரெண்டு வெடி நல்லாத்தான் போச்சுது. மூண்டாவதோட இறுகிட்டுது. இழுத்தாலும் வருகுதில்லை, தள்ளினாலும் போகுதில்லை. கழட்டிப் பார்த்தா இது."

சுட்ட துவக்குக்குள் கரி படியும், அது கறுப்பாக இருக்கும் என்ற அளவுக்கு அவருக்குத் தெரியும். இது கறுப்பு இல்லை. வெள்ளையும் சாம்பலுமாக ஒரு களி, ஆறின கஞ்சியில் ஆடை படிந்த மாதிரி எங்கும் ஒட்டிக்கிடந்தது. தோட்டா வெடிக்கிற இடத்தில் அதே களி கருகிப் பழுப்பேறி, நகத்தால் சுரண்டினால் அரக்கு மாதிரிப் பொருக்காக எழும்பியது.

பத்மராணி குனிந்தாள். மூக்குக்கு வாசம் வந்தது.

அது அவளுடைய சீப்பின் வாசம். தலையணை உறையின் வாசம். கருகின தேங்காயெண்ணெய்.

ஆகஸ்ட் மாதம் அவர்தான் சொன்னார், "உந்தத் துவக்கு துருப்பிடிக்கப் போகுது, கொஞ்சம் எண்ணெய் போட்டு வையும்" என்று. சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். என்ன எண்ணெய் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில், கொக்குவில் வீட்டில் அவளுடைய கை மெஷினுக்குக் காலமெல்லாம் தேங்காயெண்ணெய்தான். தையல் மெஷினில் துளை கண்ட இடமெல்லாம் ஒரு சொட்டு விட வேண்டும், அதுதான் முறை. அந்த முறைப்படியே துவக்கில் எங்கெங்கே துளை தெரிந்ததோ அங்கெல்லாம் விட்டாள். அந்த வெக்கையில் எண்ணெய் தண்ணீராக ஓடி உள்ளே இறங்கியது. எவ்வளவுதான் குடிக்கிறது என்று பார்த்து இன்னும் விட்டாள். துவக்கை வெறுத்தாளே தவிர, வேலையைக் குறைவாகச் செய்து பழக்கமில்லை அவளுக்கு.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. இறுகினால் இறுகிக் கிடக்கட்டும், இன்றைக்கு அது வீட்டோடு கிடக்கும் என்று அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. நல்லூரானே, முருகா, நீதான் இறுக்கிவிட்டாய் என்றுகூட நினைத்தாள்.

பஞ்சலிங்கம் லேசில் விடுகிற ஆளா? ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவர். ஒரு கோடு பிசகினால் சோறு இறங்காது. உடனே சுந்தரராமனுக்கு போன் போட்டார். சுந்தரராமன் சென்னைக்காரர், ரிஃபைனரியில் கெமிக்கல் எஞ்சினியராக இருந்தவர். எண்ணெய் விலை விழுந்து வேலை போனதிலிருந்து அவருக்கு எல்லா நாளும் ஞாயிறுதான். யாராவது ஒரு பிரச்சினை தருவார்களா என்று காத்துக்கொண்டிருந்த மனுஷன். போனை வைத்த சூட்டோடு வந்து நின்றார்.

"காட்டுங்கோ சார், காட்டுங்கோ." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். "இன்ட்ரஸ்டிங்கா இருக்கே! பவுடர் எரிஞ்சா கார்பன் வரும். குண்டு உரசினா லெட் வரும். இது ரெண்டும் இல்லியே. ஃபேக்டரில துரு பிடிக்காம இருக்க க்ரீஸ் பூசி அனுப்புவா, அத நீங்க க்ளீன் பண்ணினேளா?"

"அது வாங்கின அண்டைக்கே துடைச்சாச்சு."

"அப்போ தண்ணி. ஆயில்ல தண்ணி கலந்தா பால் மாதிரி ஆயிடும். எங்க பம்ப்ல எத்தன தடவ பாத்திருக்கேன்."

"கட்டிலுக்குக் கீழ கிடந்ததுக்குத் தண்ணி எப்பிடி வரும், சுந்தரராமன்?"

"ஹ்யூமிடிட்டி சார். ஹூஸ்டன் ஹ்யூமிடிட்டிய நீங்க அண்டரெஸ்டிமேட் பண்ணாதீங்கோ." சுந்தரராமன் விரலில் கொஞ்சம் வழித்துத் தேய்த்துப் பார்த்தார். "ஆனா இது தண்ணி இல்ல. தேய்ச்சா உருகறது பாருங்கோ. கை சூட்டுக்கே உருகறது."

விரலை மூக்குக்குக் கொண்டுபோனார். பத்மராணி ஊறிக்கிடந்த கருவாட்டை அப்படியே அள்ளிக் காய்ந்த சட்டியில் போட்டாள். சட்டி சீறியது. வீடு முழுக்க நாறியது.

"என்னவோ தெரிஞ்ச வாசனையா இருக்கு சார்... எங்கயோ..." சுந்தரராமனின் முகம் கோணியது. கைக்குட்டையை எடுத்தார். "மேடம், அது என்ன ஃப்ரை பண்றேள்?"

"கருவாடு. இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

"இல்ல இல்ல, ஆத்துல வெயிட் பண்ணிண்டிருப்பா." கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசிக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். "சார், தோட்டா எங்க வாங்கினேள்?"

"ஃப்ளீ மார்க்கெட்டில. ஆரோ வீட்டில செய்தது. ஈயக் குண்டு, மெழுகு பூசினது எண்டவன்."

"வாக்ஸ்! அதான் சார்! சூட்டுல வாக்ஸ் உருகி உள்ள போயிருக்கு. கேஸ் க்ளோஸ்ட். கெரசின் போட்டு நன்னா வாஷ் பண்ணுங்கோ, கடைல விக்கற நல்ல தோட்டாவா வாங்கிப் போடுங்கோ. ஆனா ஒண்ணு, தோட்டாவ அடிக்கற ஊசி இருக்கே, அந்த போல்ட்டுக்குள்ள மட்டும் கை வெக்காதீங்கோ. ஸ்பிரிங் பறந்துடுத்துன்னா அப்புறம் தேட முடியாது."

அவர் போய்விட்டார். படித்த மனுஷர், பாவம், பாதிப் பிழையைப் பிடித்துவிட்டுப் போனார். பத்மராணி கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

பஞ்சலிங்கம் பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தார். களி கரைந்து பேப்பரெல்லாம் ஊறியது. கருகின பொருக்கைத் தீக்குச்சியால் சுரண்டினார். ஊசி இருக்கிற உருண்டையை மட்டும் வெளியால் துடைத்து வைத்தார். திரும்பப் பூட்டி, தோட்டா போடாமல் சுவரைப் பார்த்து விசையை இழுத்தார். 'டிக்' என்று சுத்தமாகச் சத்தம் வந்தது. சிறுபிள்ளை மாதிரி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுதோ? சரி வந்திட்டுது. போற வழியில நல்ல தோட்டாவா வாங்கிக்கொண்டு போறன்."

"இஞ்சேருங்கோ, இண்டைக்குக் கடைக்குப் போகாட்டா என்ன?"

"போகாட்டா?"

"பூட்டிப்போட்டு இருங்கோ. ஒரு கிழமைக்கு."

"ஒரு கிழமை பூட்டினா ஒரு மாசம் பூட்டலாம். பேந்து அப்பிடியே விடலாம். லோயர் சொன்னது உமக்கு ஞாபகமில்லையோ? கடை ஓடினாத்தான் கிறீன் கார்ட் பேப்பர் ஓடும். அது வந்தாத்தான் சுகிர்தாவைக் கூப்பிடலாம். அங்க கொக்குவிலில பிள்ளை உம்மட தங்கச்சி தவமணியோட பங்கருக்கை படுக்குது, பொம்பர் பிளேன் வந்தா. மறந்திட்டீரோ?"

"நான் மறப்பனோ? பெத்தனான் நான்."

"அப்ப ஏன் உப்பிடிக் கதைக்கிறீர்?"

"அவளுக்கு அப்பாவும் வேணுமெல்லோ!" பத்மராணி அவர் கையிலிருந்ததைக் காட்டினாள். "உந்தத் துவக்கு உங்களைக் காப்பாத்துமோ? அரியரட்ணம் அண்ணரிட்டத் துவக்கு இருந்திருந்தா ரெண்டு சவம் விழுந்திருக்கும், அவ்வளவுதான். வந்தவன் கேக்கிறதைக் குடுத்திட்டு நில்லுங்கோ. லாச்சியோட தூக்கிக் குடுங்கோ."

"அவர் குடுக்கேல்லையோ? லாச்சியோட குடுத்தவர். குடுத்தாப் பிறகும் சுட்டவன்."

பிட்டு நீத்துப்பெட்டியில் அவிந்துகொண்டிருந்தது. அதை இறக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. பஞ்சலிங்கம் கதிரையில் இருந்தார். துவக்கு மடியில் கிடந்தது.

"பத்மா, உமக்கு ஒண்டு சொல்லுறன். சிரியாதையும். எனக்கு ஸ்டோர் ரூமுக்கை போகக் காலே வருகுதில்லை. பால் எடுக்கப் போனாலும் பின்கதவையே பார்த்துக்கொண்டு நிக்கிறன். காத்துக்குக் கதவு ஆடினாலும் உடம்பெல்லாம் வேர்க்குது. இது வேலை செய்யுது எண்டதாலதான் இண்டைக்கு நான் எழும்பிப் போறன். இல்லாட்டிப் போகமாட்டன். சத்தியமா எனக்கு ஏலாது."

இதற்குமேல் அவள் எதைச் சொல்வாள்? துவக்குக்குள் இன்னும் என் எண்ணெய் கிடக்கிறது, அதை நம்பாதீர்கள் என்று சொன்னால் மனுஷன் அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்துவிடுவார். கடை பூட்டிவிடும். பிள்ளை அங்கேயே கிடக்கும். சொல்லாவிட்டால்? கழுவியாயிற்றே, டிக்கென்று சத்தமும் வந்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பிட்டையும் கருவாட்டையும் போட்டுக் கொடுத்தாள். அவர் கொஞ்சம் கொறித்துவிட்டு, துவக்கைத் திரும்ப விரிப்பில் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்.

பின்னேரம் காற்று திரும்பியது.

டெக்ஸஸ் குளிர் சொல்லிக்கொண்டு வராது. வடக்கே வானம் நீலமாகக் கறுத்து வந்தது. ஜன்னல் சீலை ஒருதரம் வெளிப்பக்கம் இழுபட்டு, பிறகு உள்ளே பாய்ந்து அறைந்தது. உடுப்பு மடித்துக்கொண்டிருந்த பத்மராணி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். பார்க்கிங்கில் பேப்பர் கோப்பைகள் உருண்டு ஓடின. மத்தியானம் வெறும் மேலோடு திரிந்த மெக்சிகோக்காரப் பையன்கள் தோள்களைக் குறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்துக்குள் கண்ணாடியைத் தொட முடியவில்லை.

ஹீட்டரைப் போட்டாள். அது இருமிவிட்டுச் சூடு பிடிக்க நேரமாகும். தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கப் போனவள் ஜன்னல் விளிம்பைப் பார்த்தாள். தேங்காயெண்ணெய்ப் போத்தல். மத்தியானம் மேலே தெளிந்து, அடியில் மட்டும் கலங்கலாக இருந்தது. இப்போது முழுக்க வெள்ளையாக இறுகிக்கிடந்தது. எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அசையவில்லை.

போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றாள்.

அந்த உருண்டை. அவர் திறக்காமல் விட்ட உருண்டை. அதன் துளைக்குள்தான் அவள் எல்லாவற்றையும்விட அதிகமாக விட்டது. ஊசி ஓடுகிற துளை. வீட்டுச் சூட்டில் டிக்கென்றது, கடையில் டிக்கென்னாது. அந்தக் கடைக்குள் கவுன்டருக்குக் கீழே சின்ன ஹீட்டர் ஒன்றுதான் உண்டு, அதுவும் அவர் காலைச் சூடாக்கத்தான் போதும். வெடிக்கும் என்று நம்புகிற மனுஷன் லாச்சியைக் கொடுக்கமாட்டார். துவக்கை நீட்டுவார். நீட்டினால் வந்தவன் சும்மா நிற்பானா? ஐயோ, நான் கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

போன் எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் குரலுக்குப் பயந்து அவர் போன் எடுப்பதை நிறுத்தியிருந்தார். வைத்துவிட்டுத் திரும்ப அடித்தாள். திரும்ப அடித்தாள்.

கார் அவரோடு போயிருந்தது. அவளுக்கு ஓட்டவும் தெரியாது. அவருடைய பழைய தலைமூடி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, சால்வையால் வாயையும் மூக்கையும் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அந்த ஊரில் யாரும் நடப்பதில்லை. நடக்கப் பாதையும் கிடையாது. வாய்க்கால் ஓரப் புல்லில் காற்றுக்கு எதிராகக் குனிந்துகொண்டு போனாள். கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒரு கால் செருப்பு சேற்றில் போயிற்று. மற்றதையும் உதறிவிட்டு நடந்தாள். நல்லூரானைக் கூப்பிடவில்லை. மத்தியானம் அவனுக்குச் சொன்ன நன்றி நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

கடை வெளிச்சம் தெரிந்தபோது இருட்டிவிட்டது. முன்வாசலில் டெலிபோன் கூண்டுக்கு அருகே மூன்று நான்கு ஆண்கள் நின்றார்கள். பீர் குடிக்கிறவர்களாக இருக்கலாம். யார் கண்டது? அவர்களைக் கடந்து போக அவளுக்குத் துணிவில்லை. கடையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். நவம்பரில் உடைந்த பூட்டுக்குப் பதிலாகப் பஞ்சலிங்கம் ஒரு கம்பியைக் கட்டி வைத்திருந்தார். ஊருக்கே தெரியாத அந்த முடிச்சு அவளுக்குத் தெரியும். விறைத்த விரல்களால் அவிழ்த்தாள். அவிழ்ந்ததும் காற்று கதவை அவள் கையிலிருந்து பறித்துச் சுவரில் அடித்தது.

உள்ளே இருட்டு. சோடாப் பெட்டிகள். விரைந்து வந்த மூச்சு நெஞ்சில் முட்டியது. கூப்பிட வாயைத் திறந்தாள். சால்வைக்குள் ஈரக்காற்றுத்தான் வந்தது.

"ஸ்டொப்! டோன்ட் மூவ்!"

அது அவர் குரல் என்று சொன்னால் அவளே நம்பமாட்டாள். அப்படிக் கிழிந்து வந்தது. கடைப்பக்க வெளிச்சத்தில் அவருடைய உருவமும், நீட்டிய குழலும் தெரிந்தன. அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? திறந்த பின்கதவில், தலைமூடி போட்டு முகம் மறைத்த ஒரு ஆள். பத்மராணி முகத்தைக் காட்ட வேண்டும் என்று சால்வைக்குக் கையை உயர்த்தினாள்.

பஞ்சலிங்கம் விசையை இழுத்தார்.

'டொக்.'

பஞ்சு மூட்டையில் குத்தினது போன்ற சத்தம். அவர் தோட்டாவை மாற்றத் துவக்கின் இழுவையைப் பிடித்து இழுத்தார். அது மெதுவாக, மனமில்லாமல் நகர்ந்து பாதியில் நின்றது. இன்னும் பலமாக இழுத்தார். வாயிலிருந்து ஏதோ மிருகத்தின் முனகல் போல வந்துகொண்டிருந்தது. அதற்குள் சால்வை அவிழ்ந்தது.

"இஞ்சேருங்கோ. நான். நான் பத்மா."

குழல் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் திருப்ப வேண்டும் என்பது அவருக்கு விளங்கவில்லை.

"நீர்..." என்றார். "நீர் ஏன்... நீர் ஏன் இஞ்ச வந்தனீர்?"

"துவக்கு வெடிக்காது எண்டு சொல்ல வந்தனான்."

அரியரட்ணம் கிடந்த அதே இடத்தில், சோடாப் பெட்டிகளுக்கு நடுவில், பஞ்சலிங்கம் தரையில் இருந்துவிட்டார். பத்மராணி போய்க் குழலை ஒரு விரலால் சுவர்ப்பக்கம் தள்ளினாள்.

"நான்தான் தேங்காயெண்ணெய் விட்டனான், ஆகஸ்டில. மெழுகுமில்லை ஒண்டுமில்லை. நீங்கள் மத்தியானம் கேக்கேக்கையே எனக்குத் தெரியும். சொல்லேல்லை. குளிருக்கு இறுகியிருக்கு. ஹீட்டருக்குக் கிட்டக் கொண்டுபோகாதையுங்கோ, உருகினா வெடிக்கும். இப்பவே தோட்டாவைக் கழட்டுங்கோ. கழட்டுங்கோ அப்பா."

அவர் கழற்றினார். கடைசியாக உள்ளே சிக்கி நின்ற தோட்டா சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டு அவள் வெறுங்காலில் முட்டியது. பத்மராணி எடுத்தாள். அடிப்பக்கம் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பெருவிரலால் துடைத்தாள். நடுவில் ஊசி வந்து தொட்ட பள்ளம். வேர்க்குரு அளவு. இன்னும் ஒரு மயிரிழை இறங்கியிருந்தால் போதும். அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவர் கையை விரித்து அதில் வைத்தாள். அவரும் தடவிப் பார்த்தார். பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். தாலி கட்டின நாளிலிருந்து அவள் பார்த்திராத அழுகை அது.

"நான் சுட்டனான் பத்மா. நான் உம்மைச் சுட்டனான்."

"ஓம்" என்றாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் தலையைத் தன் குளிர்ந்த ஜாக்கெட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

முன்கதவு மணி கிலுங்கியது. யாரோ உள்ளே வருகிறார்கள். பஞ்சலிங்கத்தின் கை தன்பாட்டில் துவக்கைத் தேடியது. பத்மராணி அதைக் காலால் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"நீங்கள் இருங்கோ. நான் போறன்."

"உமக்குக் காசு மெஷின் அடிக்கத் தெரியாது."

"அப்ப ரெண்டு பேருமாப் போவம்."

கவுன்டருக்குப் பின்னால் இருவரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் வெறுங்காலோடு நின்றாள். வந்தவன் தலைமூடியை இழுத்து விட்டு, இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைகளுக்குள் விட்டிருந்தான். அந்தக் குளிருக்கு வேறு எங்கே வைப்பான்? பால் பெட்டியைக் கடந்து, ரொட்டித் தட்டைக் கடந்து, அவர்களை நோக்கி வந்தான். பஞ்சலிங்கம் அவளுக்கு முன்னால் நகரப் பார்த்தார். அவள் விடவில்லை, தோளால் முட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

அவன் ஒரு கையை வெளியே எடுத்தான். கையுறை இல்லாமல் விறைத்துச் சிவந்த வெறும் கை. அதை ஊதிக்கொண்டு, காபி இருக்கிறதா என்று கேட்டான்.

"யெஸ்" என்றாள் பத்மராணி. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். ஆனால் அவளால் காபிப் பக்கம் போக முடியவில்லை. பஞ்சலிங்கம் அவள் கையைப் பிடித்திருந்தார், இருவர் உள்ளங்கைக்கும் நடுவில் அந்தத் தோட்டா இருந்தது, அவர் பிடியை விடுவதாக இல்லை.